சைக்கிளில் வந்த ராஜா

இரட்டைப் புளியமரத்தடியில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ரஸ்மானே தப்சோபா சைக்கிளை விட்டு இறங்கி இரண்டு பாதைகளையும் மாறி மாறி முறைத்துப் பார்த்தார். சுங்கத் துறையில் இருந்த காலத்தில் லாரிக்காரர்களைப் பார்த்த அதே பார்வை. பாதைகள் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

"புளியமரம் வந்ததும் இடப்பக்கம் திரும்பு. நேரா மெயின் ரோட்டுல கொண்டுபோய் விட்டுடும். வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுல இருப்பே" என்று காலையில் சொல்லி அனுப்பியிருந்தான் சைக்கிள் கடை தோயே.

சிக்கலே அதில்தான் இருந்தது. தோயே சமோ இனத்தவன். ரஸ்மானே மோசி இனத்தவர். மோசியும் சமோவும் எங்கே எதிர்ப்பட்டாலும் ஒருவரை ஒருவர் கேலி செய்தே ஆக வேண்டும். அது பாட்டன் பூட்டன் காலத்து ஏற்பாடு. இவன் அவனை அடிமை என்பான். அவன் இவனைத் தன் வீட்டுக் கழுதை என்பான். தொப்பியைப் பறித்துக்கொள்ளலாம். சோற்றைப் பிடுங்கித் தின்னலாம். இழவு வீட்டில் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகூடக் கேலி பேசலாம். யாரும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டவன்தான் மரியாதை தெரியாதவன்.

ரஸ்மானே வீட்டில் சிரிக்க மாட்டார். பள்ளிவாசலிலும் கடைத்தெருவிலும் கஞ்சி போட்ட அங்கியைப் போலவே விறைப்பாக நடப்பார். அவர் வாய் அவிழ்வது சமோக்களிடம் மட்டுந்தான். தினமும் தோயே கடையில் நின்று அவனை வாயாரத் திட்டி, அவனிடம் வாயாரத் திட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். "உங்க அரைப் பேச்சாவது எனக்கு மிச்சம் வச்சிருக்கீங்களா?" என்று மனைவி அலிமாதா கேட்பாள். அவர் சோற்றுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட தோயே வழி சொல்லியிருக்கிறான். சமோ ஒருவன் மோசிக்கு நேர் வழி காட்டினால் அது அவன் குலத்துக்கே இழுக்கு. ஆகவே இடப்பக்கம் என்றால் வலப்பக்கம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ரஸ்மானே வலப்பக்கம் திரும்பினார்.

பாதை ஆரம்பத்தில் சாதுவாகவே இருந்தது. அறுவடை முடிந்த கம்பங்கொல்லைகள், நடுநடுவே ஷியா மரங்கள், எங்கோ ஒரு கினிக்கோழியின் கத்தல். இதற்காகத்தான் அவர் தனியாகச் சைக்கிள் எடுத்துக்கொண்டு கிளம்புவது. வேலையில் இருந்த காலம் முழுவதும் அவர் நெடுஞ்சாலைத் தடுப்புக் கம்பத்தின் பக்கத்திலேயே நின்றார். அவர் முன்னால் யோக்கியமான லாரிகள் போயின. சிகரெட்டும் சர்க்கரையும் பெட்ரோலும் அவர் முதுகுக்குப் பின்னால் காட்டுப் பாதைகளில் போயின. துகான் ஊரில் அவர் ஒருவருக்குத்தான் அந்தப் பாதைகள் தெரியாது. ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக ஒரு சைக்கிள் வாங்கினார். தன்னை ஏமாற்றிய பாதைகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். என்ன தேடுகிறார் என்று யாரிடமும் சொன்னதில்லை.

இன்றைக்குக் கிளம்பியிருக்கவே கூடாது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு மகள் அசெத்தாவைப் பெண் கேட்டு வருகிறார்கள். சம்பந்தம் பேசக் கோலாக் கொட்டையோடு வரும் பெரியவர்களைப் பெண்ணின் தகப்பன் வீட்டில் உட்கார்ந்து வரவேற்க வேண்டும். தகப்பன் இல்லையென்றால் கொட்டைகள் வந்த கூடையிலேயே திரும்பிப் போகும், சம்பந்தமும் அதோடு போகும். அசெத்தா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பையன் அங்கே மருந்துப் பிரிவில் இருக்கிறான். அவள் வாய் திறந்து அப்பாவிடம் எதையும் கேட்டதில்லை. நேற்று மட்டும் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, "நாளைக்கு எங்கயும் போயிராதீங்கப்பா" என்றாள்.

ஆனால் காலையிலிருந்து வீட்டு முற்றம் முழுக்கப் பெண்கள். அண்டா உருண்டது, புகை எழுந்தது. எங்கே நின்றாலும் யாராவது ஒருத்தி "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றாள். சொந்த வீட்டில் எத்தனை முறைதான் தள்ளிக்கொள்வது? ஒரு சின்னச் சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடலாமென்று கைபேசியைக்கூடச் சார்ஜில் விட்டுவிட்டுக் கிளம்பினார்.

அவருக்கு இந்தச் சம்பந்தத்தில் ஓர் உறுத்தல் இருந்தது. பையன் வீட்டார் செரெமே குடும்பம். அவர்கள் டாஃபிங் இனத்தவர்கள். நல்லவர்கள், மார்க்கம் படித்தவர்கள் என்று கேள்வி. ஆனால் டாஃபிங்குக்கும் மோசிக்கும் நடுவே கேலி உறவு கிடையாது. ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்துப் பேச வேண்டும். சமோவாக இருந்திருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டாவது பெண்ணைக் கொடுத்திருக்கலாம் என்று அலிமாதாவிடம் சொல்லிப் பெருமூச்சு விட்டார்.

முறைப்படி விசாரிக்காமலும் அவர் விடவில்லை. நடுவில் நின்று பேசிய யூசுஃபுவிடம் மூன்று கேள்விகளைக் கொடுத்தனுப்பினார். அந்த வம்சத்தில் பித்து உண்டா, திருட்டு உண்டா, குடி உண்டா? எதுவும் கிடையாது என்று பதில் வந்தது. அவர்களும் அதே மூன்றைத் திருப்பிக் கேட்டார்களாம். ரஸ்மானே முதுகை நிமிர்த்திக்கொண்டு, "தப்சோபா வம்சத்துல ஏழு தலைமுறையா ஒருத்தருக்கும் புத்தி பிசகினதில்லைன்னு போய்ச் சொல்லு" என்றார்.

பாதையில் மணல் வந்தது. சக்கரம் புதைந்தது. இறங்கித் தள்ளினார்.

எதிரே ஒரு பெண் விறகுச் சுமையோடு வந்தாள். ரஸ்மானே யாரிடமும் வழி கேட்டுப் பழகாதவர். அவர் கேட்டதெல்லாம் விசாரணை. அந்தக் குரலிலேயே, "இது மெயின் ரோட்டுக்குத்தானே போகுது?" என்றார்.

அந்தக் குரலுக்கு இல்லையென்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேகமாக நடந்தாள்.

அந்த ஆமாங்கவை நம்பி இன்னும் வெகுதூரம் போனார். மெயின் ரோடு வரவில்லை; கருவேல முள் வந்தது. பின் சக்கரம் உஸ்ஸென்று உயிரை விட்டது. குறுக்கே போனால் சீக்கிரம் என்று கொல்லைக்குள் இறங்கினார். அங்கே ஒரு சுழற்காற்று அவருடைய தொப்பியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. தொப்பியைத் துரத்திப் போனதில் வந்த திசையும் போயிற்று. தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். கடைசிச் சொட்டு மூக்கில் விழுந்தது.

உச்சி வெயிலில், மண்டை காய்ந்து, அங்கியெல்லாம் முள் கிழித்து, செம்மண் பூசிய முகத்தோடு அவர் ஒரு கிராமத்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். மழைக்காலத்து மேகம்போல் கவிந்து நின்ற ஒரு பெரிய மாமரத்தடியில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குப் புரியாத பாஷையில் பேசிக்கொண்டிருந்தார்கள். ரஸ்மானேவுக்கு இந்தப் பக்கத்து பாஷைகளில் ஒன்றும் தெரியாது. புரியாததெல்லாம் சமோ பாஷை என்று வைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

அவர் நெஞ்சு குளிர்ந்தது. சமோ ஊர். சொந்த அடிமைகள். இனி என்ன கவலை?

எல்லாருக்கும் பொதுவான ஜூலா மொழியில் உரக்கச் சொன்னார். "அடிமைகளா, எந்திரிங்க. உங்க ராஜா வந்திருக்கான். தண்ணி எங்க?"

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவன் கை அந்தரத்தில் நின்றது.

நடுவில் வெள்ளைத் தாடியும் கையில் ஓதி எண்ணும் தஸ்பீஹ் மணியுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தலையில் தோல் வைத்துத் தைத்த அழகான பனையோலைத் தொப்பி. அவர் ரஸ்மானேவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கிழிந்த அங்கி, காற்றில்லாத சக்கரம், வெறும் தலை. பிறகு மிக மெதுவாகச் சொன்னார்.

"உக்காருங்க பெரியவரே. வெயில்ல ரொம்ப தூரம் வந்துட்டீங்க போல."

"நான் ஏன் கீழ உக்காரணும்? நீ எந்திரி. அது என் எடம்."

பெரியவர் எழுந்து இடம் விட்டார்.

ரஸ்மானேவுக்குச் சற்று ஏமாற்றமாகப் போயிற்று. தோயேயாக இருந்தால் இந்நேரம் அவருடைய தாத்தாவின் கழுதை வரைக்கும் இழுத்திருப்பான். உட்கிராமத்துச் சமோக்கள், எஜமானைக் கண்டு வெகுநாளாயிற்று, வாய் மரத்துப் போயிருக்கும் என்று தேற்றிக்கொண்டார். தேர்ந்தவன்தான் முதலில் அடித்து ஆட வேண்டும். கேலியில் சமோவுக்கென்றே வைத்திருக்கும் பழைய ஆயுதத்தை எடுத்தார்.

"சட்டியில என்ன வேகுது? நாய்த்தலையா? எனக்கு வச்சிருக்கீங்களா, நீங்களே தின்னுட்டீங்களா?"

கம்பு இடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் மேல்துணியால் வாயைப் பொத்தினாள். தஸ்பீஹ் மணி ஓட்டம் ஒரு கணம் நின்றது. மீண்டும் ஓடியது.

"இன்னிக்கு இல்லீங்க பெரியவரே" என்றார் வெள்ளைத் தாடி. "கம்பங்களி இருக்கு. சாப்பிடுறீங்களா?"

ரஸ்மானே தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அப்படிப் போடு. ஆளுக்குக் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. "கையில மணி வேற. நாய் தின்னவன் மணி உருட்டினா யாரு கணக்குல சேரும்?" என்று அடுத்ததையும் போட்டார். பெரியவர் அதற்கும் தலையாட்டினார்.

அதன்பின் விளையாட்டு சூடு பிடித்தது. திரிசா என்ற இளைஞன் தேநீர்த் தட்டிலிருந்த கத்தியை எடுத்து இடுப்புக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். இன்னொருவன் ஓசைப்படாமல் பின்னால் வந்து ஒரு குடம் தண்ணீரை ரஸ்மானேவின் தலையில் கவிழ்த்தான். குளிர்ந்த தண்ணீர். ஆஹா, முதல் தரமான அடி. தோயேவுக்குக்கூட இது தோன்றியதில்லை. அவர் நனைந்த தாடியோடு சிரிக்கச் சிரிக்க, ஊர்ப் பள்ளிவாசல் ஹஸ்ரத் வந்து பக்கத்தில் மண்டியிட்டு, ஏதோ ஓதி இரண்டு காதிலும் ஊதினார். அந்த அளவுக்குப் போவார்களென்று ரஸ்மானே எதிர்பார்க்கவில்லை. மனதுக்குள் பாராட்டினார்.

களி வந்தது. பெருக்கமர இலைக் குழம்பு வந்தது. பசியில் இரண்டு கிண்ணம் தின்றார். பெரியவர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். ஒரு கேள்விக்கும் ரஸ்மானே ஆட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

வீடு எங்கே என்றதற்கு, இந்த நாடே என் வீடு என்றார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றதற்கு, மனைவிமார் முப்பது பேர், எண்ணிப் பார்த்து வெகுநாளாயிற்று என்றார்.

"போன் இருக்குங்களா? யார்கிட்டயாவது பேசிடலாம்."

"ராஜாவுக்கு எதுக்குப் போன்?"

பெரியவர் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் மாமரத்து நிழல் கிழக்கே சாய்ந்திருப்பதை ரஸ்மானே கவனித்தார். அசெத்தாவின் முகம், சோற்றுத் தட்டை வைத்த கை, திரும்பிப் போகும் கொட்டைக் கூடை எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. எழுந்து சைக்கிளைப் பிடித்தார். சக்கரத்துக்கு யாரோ ஒட்டுப் போட்டுக் காற்றடித்து வைத்திருந்தார்கள். ஆனால் திரிசா கைப்பிடியை விடவில்லை.

"விடு. துகானுக்குப் போகணும். எனக்கு தர்பார் இருக்கு. தூதருங்க வராங்க. நான் போய் உக்காரலைன்னா எல்லாம் கெட்டுப்போகும்."

இது நிஜம். அவர் குரல் நடுங்கியதும் நிஜம். கண்ணில் ஈரங்கூட எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்ததும் பெரியவரின் முகம் இளகிற்று.

"வரட்டும், வரட்டும். தூதருங்க எங்கயும் போயிட மாட்டாங்க. தனியா அனுப்ப மாட்டோம் உங்களை. திரிசா டவுனுக்கு வண்டி எடுக்கறான். சைக்கிளோட ஏறிக்குங்க."

பிரச்சினை தீர்ந்ததும் ரஸ்மானேவுக்கு மிடுக்குத் திரும்பியது. சமோ ஊருக்கு வந்துவிட்டு வெறுங்கையோடு போவது மோசிக்கு அழகல்ல. நாளைக்குத் தோயேயிடம் காட்ட ஏதாவது வேண்டும். பெரியவர் தலையிலிருந்த ஓலைத் தொப்பியை ஒரே எட்டில் பறித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "இது வரி. ஒரு கோழியும் வேணும்" என்றார்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. பெரியவர் கையமர்த்தினார். வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே, "குடுத்துடுங்க" என்றார். கொழுத்த பெட்டைக்கோழி ஒன்று கால் கட்டி வந்தது.

மூன்று சக்கர வண்டியின் பின்தட்டில் சைக்கிளும் கோழியும் ராஜாவும் ஏறினார்கள். பெரியவர் திரிசாவின் காதில் மெல்லச் சொன்னது இவருக்கும் கேட்டது. "மெதுவா ஓட்டு. நடுவழியில குதிச்சிடாம பாத்துக்கோ." ஒரு கோழிக்கு இவ்வளவு அக்கறையா என்று ரஸ்மானே வியந்தார்.

வழியெல்லாம் திரிசா திரும்பித் திரும்பிப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா ராஜா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். இவ்வளவு பணிவான சமோவை அவர் கண்டதில்லை.

பஞ்சு மில் கிடங்கு தெரிந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். சரக்கு வண்டியில், கோழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வீட்டு வாசலில் போய் இறங்குவதாவது? இந்தத் தெருக்களில் அவருக்கென்று ஒரு பெயர் இருக்கிறது. சைக்கிளை இறக்கிக்கொண்டார். திரிசாவுக்கு மனம் வரவில்லை. கூட வந்து விடட்டுமா, வீட்டில் யாரையாவது கூட்டி வரட்டுமா என்று தவித்தான்.

"உன் ராஜாவுக்கு வழி தெரியாதா? போடா" என்று ஏறி மிதித்தார்.

தோயே கடை வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. வேகத்தைக் குறைத்தார்.

"என்ன கழுதை, இடப்பக்கம் திரும்பினியா?" என்றான் தோயே.

"நீ சொல்லி நான் திரும்புவேனா? வலப்பக்கம் போனேன். உங்க ஆளுங்க என்னை உக்கார வச்சுக் கால் பிடிக்காத குறை. இந்தா பாரு தொப்பி. இந்தா பாரு கோழி. உனக்குத்தான் இன்னும் மரியாதை தெரியல."

தோயே தொப்பியைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். சமோவின் கடைசி வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நிற்பது மோசிக்கு வழக்கமில்லை. ரஸ்மானே மணியடித்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் அலிமாதா வாசலுக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் திட்ட வந்தாள், அங்கியின் கிழிசலைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். "இது யார் தொப்பி?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு அடிமையோடது."

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். மனுஷர் சமோக்களோடு சேர்ந்து நேரத்தைத் தொலைத்திருக்கிறார், வேறொன்றுமில்லை. தோளில் துண்டைப் போட்டுக் குளிக்கத் தள்ளினாள்.

அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் ரஸ்மானே கூடத்தில், கைவைத்த பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை அங்கி. விறைத்து நிமிர்ந்த முதுகு. தலைக்கு மேலே ஆணியில் பனையோலைத் தொப்பி. நிறுத்துப் பேச வேண்டிய வார்த்தைகளை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். உள்ளறைத் திரைக்குப் பின்னால் அசெத்தாவின் நிழல். அவள் ஒரு கணம் எட்டிப் பார்த்து அப்பா இருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டாள். அவர் மகளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். இன்றைக்குக் குடும்பத்தின் மானத்தில் ஒரு தூசி விழாது.

வாசலில் யூசுஃபுவின் குரல் கேட்டது. "செரெமே வீட்டார் வந்துட்டாங்க."

வாசல் திரை விலகிற்று. கோலாக் கூடையோடு முதலில் வந்தவன் திரிசா. அடுத்து, காதில் ஊதிய ஹஸ்ரத். அவருக்குப் பின்னால், தொப்பியில்லாத வழுக்கைத் தலையும் வெள்ளைத் தாடியுமாக, தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு பையனின் பாட்டனார்.

ரஸ்மானேவின் கை தானாக உயர்ந்து, தலைக்கு மேலிருந்த ஆணியை மறைக்கப் பார்த்தது.

பெரியவர் அவரைப் பார்த்தார். கோபமில்லை. காணாமல் போன பிள்ளை கிடைத்துவிட்டதைப் போல முகம் மலர்ந்தது. பிறகு அலிமாதாவின் பக்கம் திரும்பி, இரக்கத்தோடு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"பத்திரமா வந்து சேந்துட்டாரா, அல்ஹம்துலில்லாஹ். வெக்கப்படாதே தாயி, எல்லா வீட்டுலயும் இப்படி ஒருத்தர் உண்டு. இவரை மெதுவா உள்ள கூட்டிட்டுப் போயிட்டு, பொண்ணோட அப்பாவைக் கொஞ்சம் வரச் சொல்லு."